கோமளா கேட்ட வரி

1

“கதவத் தொறம்மா, நான்தான்—”

“நான்தான்னா யாரு? பேரு ஊரு இல்லாம—”

“பெத்தவளுக்குக் குரல் தெரியலையா?”

“குரல் தெரியுது. ஆளைத்தான்—”

“தொறக்கலைன்னா இங்கேயே நிப்பேன்!”

“—தெரியல. நில்லு. நின்னு பழகு.”

இவ்வளவும் என் சமையலறைச் சுவர் வழியாக வந்தது. மலாக்கா புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு, இனி கதவு படாரென்று அடிபடும் என்று காத்திருந்தேன். அடிபடவில்லை. முதல் குரல் தணிந்து, வேறு யாரோ பேசுவதுபோல மரியாதையாக வந்தது.

“அம்மா, ‘ஆளைத்தான் தெரியல’ன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க. நீங்க இழுத்தா நான் நடுவுல வந்துடுறேன். மறுபடி எடுப்போமா?”

“அடுப்புல குழம்பு கொதிக்குதுடி.”

“அணைச்சிட்டு வாங்க.”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது. எழுதலாம் என்று நானாக உட்காரவில்லை. அந்த இரண்டாவது குரல், பக்கத்து வீட்டுக் கோமளா, பிறகு ஒரு நாள் என் பின்கதவைத் தட்டி, “மலர்க்கா, நீங்க கதை எழுதுறவங்கதானே. எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க,” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு நான் பல வருடங்களாகக் கதை அனுப்புகிறேன். இவ்வளவு சின்னதாக யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த வரி இன்னும் அகப்படவில்லை. அதைத் தேடிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கிடைத்துவிட்டால் நடுவிலேயே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவேன். கதை அந்தரத்தில் நின்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் கேட்கும். முகம், சேலையின் நிறம், வானிலை எல்லாம் பிறகு நானாக ஒட்டுவது. ஆனாலும் முறையான ஒரு தொடக்கம் வேண்டுமே என்று முயன்றேன்.

செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அன்று மழை இருட்டு. இடிந்த தொழிலாளர் லயத்து வாசலில் நின்ற தேவிஸ்ரீயின் கண்களில் ஒரு கடலின்—

(கடல் வேண்டாம். செலண்டாரில் கடல் ஏது.)

புகழின் வாசலில் நிற்கும் ஒரு கலைஞரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதை நாம்—

(இது மேடையில் மாலை போடுவதற்கு முன்னால் பேசுகிற வாக்கியம். அடித்துவிட்டேன்.)

இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தேவிஸ்ரீ கோமளாவின் ஒரே மகள். முப்பதைத் தாண்டியவள். மலாக்கா டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. விடுமுறை நாட்களில் நாடகம், குறும்படம், தொலைக்காட்சித் தொடர்களில் சின்னச் சின்ன வேடங்கள். எதையும் சரியாகச் செய்தாக வேண்டும் அவளுக்கு. நர்ஸ் வேடம் வந்தபோது, ஊசி போடுகிற கை எப்படிப் போகிறது என்று பார்க்கக் கிளினிக்கில் போய் நோயாளிபோல உட்கார்ந்திருந்தாள். கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற தோழி வேடம், வசனமே கிடையாது. “அந்தத் தோழிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, ஆகலையா? அதைப் பொறுத்துத்தானே நான் சிரிக்கணும்?” என்று கேட்டு எல்லோரையும் தலைசுற்ற வைத்தாள்.

(அப்போது நாங்கள் சிரித்தோம். கோமளா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் எழுதத்தான் வேண்டும்.)

யுகேந்திரன் என்ற பாயா ரும்புட் ஊர்ப் பையன் முதல்முறையாக ஒரு படம் எடுத்தான். அதில் இவளுக்குத்தான் பெரிய வேடம். பாக்கியம் என்ற தோட்டத்துப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவனோடு போய்விடுகிறாள். வருடங்கள் கழித்துத் திரும்பி வருகிறாள். தாய் கதவைத் திறக்கவில்லை. மேலே நீங்கள் கேட்ட ஆறு வரிகள்தான் கடைசிக் காட்சி. கதவு திறப்பதற்கு முன்பே படம் முடிந்துவிடும். தாயாக நடித்தவர் கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் அம்மாள். அன்று நாசி லெமாக் சோறு கட்டி எடுத்துக்கொண்டு கோமளாவும் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம்.

3

“மழை வரப்போவுது. ஒரு டேக்தான் கிடைக்கும் லா,” என்றான் யுகேந்திரன்.

தேவிஸ்ரீ செம்மண் பாதையில் ஓடிவந்தாள். வாசலில் ரப்பர் ஜப்பான் சிலிப்பரை உதறினாள். ஒன்று கவிழ்ந்து விழுந்தது. கதவை இடிக்கக் கையை ஓங்கியவள் நின்றாள். குனிந்தாள். கவிழ்ந்ததைத் திருப்பி, மற்றதன் பக்கத்தில் ஒழுங்காக வைத்தாள். பிறகுதான் கதவை இடித்தாள்.

எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. சிலிப்பர் கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று நம் வீடுகளில் சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறோம். கோமளா இன்னும் ஒரு படி மேல். இந்த வரிசையில் யார் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் போவாள். எதிர்வீட்டுச் சீனர் சிலிப்பரையும் விடமாட்டாள். “அவங்க சண்டை போட்டாலும் நம்ம தூக்கந்தானே கெடும்?” என்பாள்.

சண்டைக்கென்றே ஓடிவந்த பெண், சண்டை வந்துவிடக் கூடாதென்று சிலிப்பரைத் திருப்பி வைக்கிறாள். என் பக்கத்தில் கோமளா, “பாத்தீங்களாக்கா, மறக்கல,” என்று முழங்கையால் இடித்தாள்.

“கட்! ஓக்கே! சூப்பர்!”

“ஓக்கே இல்ல சார். நான் சீனை விட்டு வெளிய வந்துட்டேன்.”

“எங்க வந்தீங்க? அழகா பண்ணீங்களே.”

“சிலிப்பர். அது பாக்கியம் இல்ல, நான். இன்னொரு டேக் போலாம்.”

“யாரா இருந்தா என்னா சிஸ்டர், நல்லா இருக்குலா. வானத்தப் பாருங்க.”

“சார், ப்ளீஸ். ஒரே ஒரு டேக்.”

மழை கொட்டத் தொடங்கியது. எல்லோரும் கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவள் மட்டும் நனைந்தபடி வாசலில் நின்று சிலிப்பரை உதறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “வாடி, காய்ச்சல் வரும்!” என்று கோமளா கத்தியது அவள் காதில் விழுந்ததா என்று தெரியாது.

4

டவுனில் ஒரு மண்டபத்தில் படத்தைத் திரையிட்டார்கள். அவள் உயிரைக் கொடுத்து நடித்த இடங்கள் பல உண்டு. மண்ணில் விழுந்து அழுகிற காட்சிக்காகத் தோட்டத்திலேயே தங்கி, அங்கிருந்த பெண்கள் எப்படி உட்கார்ந்து எழுகிறார்கள் என்று பார்த்தவள். அந்தக் காட்சி வந்தது, போயிற்று. மண்டபம் சும்மா இருந்தது. சிலிப்பர் வந்தபோதுதான் கூட்டம் முழுக்க ஒரு “ச்சு” எழுந்தது. எனக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

வாசலில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“அந்த சிலிப்பரத் திருப்பி வச்ச பாரு, அங்கதான்மா எனக்குத் தாங்கல.”

“அழுத சீன் எப்படி இருந்துச்சு ஆன்ட்டி?”

“அதுவும் இருந்துச்சு. ஆனா அந்த சிலிப்பர்…”

வீடு திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள்.

“ஏண்டி உம்முனு வர்றே? எல்லாரும் உன்னைத்தானே புகழ்ந்தாங்க?”

“என்னை இல்லம்மா. உங்களை.”

“நான் என்னா பண்ணேன்? நாசி லெமாக்தான் கட்டிட்டு வந்தேன்.”

“சின்ன வயசுலேருந்து தலையில கொட்டிக் கொட்டித் திருப்பி வைக்கச் சொன்னீங்கள்ல. அந்தப் பழக்கந்தான் நடிச்சது. நான் நடிச்சதை எவரும் பாக்கல.”

“ரெண்டும் உன் கைதானே?”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவள் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடையில் வந்த புதுச் சரக்கைப் பார்ப்பதுபோல.

“அதை நானா செஞ்சு காட்டுறேன். தெரிஞ்சு, வேணும்னே, அதே மாதிரி. அப்பத்தான் அது என்னோடது.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் கார் நகரவில்லை.

5

இனி வருவதை ஒழுங்காகச் சொல்வது கஷ்டம். நடந்ததே ஒரே காட்சிதான். அதுதான் திரும்பத் திரும்ப நடந்தது.

கேட்டருகிலிருந்து ஓடிவந்து வாசலில் சிலிப்பரை உதறுவாள். நேராக விழுந்தால் பயனில்லை. மறுபடி கேட்டுக்குப் போவாள். கவிழ வேண்டும் என்று நினைத்து உதறிக் கவிழ்ந்தால், “வேணும்னே பண்ணிட்டேன், தெரியுது,” என்று மறுபடி போவாள். தானாகவே கவிழ்ந்துவிட்டால், “இப்ப கைக்கு முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு,” என்பாள். எப்போதாவது மனம் ஒப்பினால் குனிந்து நிமிர்த்திக் கதவைத் தட்டுவாள். அப்போது உள்ளிருந்து கோமளா “நான்தான்னா யாரு?” என்று கேட்க வேண்டும்.*

* ஜப்பான் சிலிப்பர் நேராக விழுந்தால் “சப்”. கவிழ்ந்து விழுந்தால் “தொப்”. இதையெல்லாம் தெரிந்துகொள்ள நான் ஆசைப்படவில்லை. சுவர் சொல்லிக் கொடுத்தது.

முதலில் சாயங்காலம் மட்டும் நடந்தது. பிறகு காலையிலும். கடைக்கு லீவு சொன்னாள். பிறகு கடையிலிருந்தே கூப்பிட்டு, உடம்பு சரியானதும் வந்தால் போதும் என்றார்கள். குளிப்பதும் சாப்பிடுவதும் குறைந்தன. வெயிலில் காய்ந்த சிமெண்டில் வெறுங்காலோடு நடந்து குதிகால் வெடித்தது. சாப்பிடவும் படுக்கவும் பின்சந்து வழியாகச் சமையலறைக் கதவில் நுழைவாள். முன்கதவு படத்துக்கு உரியது, அதில் சும்மா நுழைந்தால் காட்சி கெட்டுவிடும் என்றாள்.

சொந்த மகள் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வராமலே போனாள். கோமளாவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பொறுக்கவில்லை. “குளிக்கலையா, போவட்டும். வேலை போச்சா, போவட்டும். வாசல்ல வந்து ‘அம்மா பசியாறிட்டீங்களா’ன்னு கேட்டுக்கிட்டே உள்ள வருவாளே, அது ஒண்ணு வந்தாப் போதும்க்கா.”

6

இந்த இடத்தில் கோமளாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நான் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிக்கொண்டு போகிறேனோ? எழுதிய வரைக்கும் படித்துக் காட்டினேன்.

“நான் அவளை அறைஞ்சேனே, அது எங்க?”

“அதை எதுக்கு எழுதணும்?”

“எழுதுங்க. போர்ச்சுல வச்சு அறைஞ்சேன். எதிர்வீட்டு அங்கிள்கூடப் பாத்தாரு.”

எழுதிவிட்டேன். அறை வாங்கியவள் என்ன சொன்னாள் என்பதையும் கோமளாவேதான் சொன்னாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, யோசித்து, “பாக்கியத்தோட அம்மா அடிக்க மாட்டாங்க. பேச்சாலதான் கொல்லுவாங்க,” என்றாளாம்.

ஆனால் என் சந்தேகம் அறை பற்றியது இல்லை. கோமளா நடிப்பில் தேறிக்கொண்டு வந்தாள். முதல் நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசியவள். மகள் திருத்தத் திருத்த, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும், குரலை இறக்கவும் கற்றுக்கொண்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்று கேட்டிருக்கிறேன். ஒரு நாள் அந்த வரி வந்தது.

“குரல் தெரியுது. ஆளைத்தான் தெரியல.”

கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். கோலாலம்பூர் அம்மாள் கேமரா முன்னால் சொன்னது இதற்குப் பக்கத்தில்கூட வராது. வெளியே கைதட்டல் கேட்டது.

“இதாம்மா! இதான்! இவ்ளோ நாள் இதைத்தான் கேட்டேன்! எப்படிம்மா பண்ணீங்க?”

குளியலறைக் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது.

(இதோடு கதையை முடித்திருக்கலாம். எழுதத் தெரிந்த யாராயிருந்தாலும் இங்கே முடித்திருப்பார்கள். ஆனால் கோமளா கேட்டது கதை இல்லையே.)

7

“டாக்டர்கிட்ட காட்டலாமே?” என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. காட்டினோம். கூப்பிட்டதும் தேவிஸ்ரீ கிளம்பிவிட்டாள். தலை வாரி, பொட்டு வைத்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் மனக்கஷ்டம், தூக்கம் பரவாயில்லை. இரண்டு இடத்தில் லேசாகச் சிரித்தாள். டாக்டர் கெட்டிக்காரர். தூங்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, எதற்கும் மறுபடி அழைத்து வாருங்கள் என்று கோமளாவிடம் தனியாகச் சொன்னார்.

காரில் ஏறியதும் தேவிஸ்ரீ கேட்டாள்:

“எப்படி இருந்துச்சும்மா? நேச்சுரலா இருந்துச்சா?”

“என்னாடி நேச்சுரல்?”

“அந்த ரெண்டாவது சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துருச்சு. அடுத்த தடவை சரி பண்ணிக்கிறேன்.”

கோமளா கண்ணாடி வழியாகப் பின்சீட்டிலிருந்த என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

8

யுகேந்திரனை வரவழைத்தது என் யோசனைதான். தொடங்கிவைத்தவனே முடித்துவைக்கட்டும் என்று நினைத்தேன். பாவம், வேலை முடிந்து நேராக வந்தான். கோமளாவைப் பார்த்ததும் கண் கலங்கினான். “நான் ஒண்ணுமே பண்ணல ஆன்ட்டி, ஓக்கேதான் சொன்னேன்,” என்றான்.

தேவிஸ்ரீ ஓடிவந்து சிலிப்பரை உதறியதும் கேட்டருகிலிருந்து கையைத் தூக்கிக் கத்தினான்.

“கட்! ஓக்கே! பேக்கப்!”

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் நின்றாள். பிறகு அவள் மிகவும் அன்பாகச் சொன்னாள்:

“சார், நீங்க எல்லாத்துக்கும் ஓக்கே சொல்றவரு. மழை வந்தாலும் ஓக்கே, வெயில் வந்தாலும் ஓக்கே. உங்க ஓக்கேய வச்சு நான் என்னா பண்றது?”

“சிஸ்டர், படமே வெளிய வந்துடுச்சு லா. முடிஞ்சுபோச்சு.”

“அதான் சார் சொல்றேன். தப்பான டேக்கு வெளிய போயிடுச்சு.”

கோமளாவிடம் சொல்லிக்கொள்ள வாசல் வரைக்கும் வந்துவிட்டுக் கிளம்பினான். போகும்போது குனிந்து, வாசலில் கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி வைத்தான். பழக்கம். அவள் பார்த்துவிட்டாள். கண்ணெல்லாம் நீர் நிறைந்து, “பாருங்க ஆன்ட்டி, அவருக்குக்கூட வருது,” என்றாள் என்னிடம்.

9

அதற்குப் பிறகுதான் கோமளா வந்து அந்த வரியைக் கேட்டாள்.

“யாராவது எழுதிக் குடுத்தாத்தான் அவ கேக்குறா. நான் சொன்னா கேக்கல. படத்துல அம்மா கதவத் தொறக்கல, அதனால இவ உள்ள வரமாட்டேங்குறா. அம்மா தொறக்கற மாதிரி ஒரு வரி எழுதிக் குடுங்க. தாள்ல இருந்தா அவ கேப்பா.”

சரிதானே என்றுதான் எனக்கும் பட்டது. எழுதினேன்.

முடிவு ஒன்று: தாய், “போன மகளும் நீதான், வந்த மகளும் நீதான். உள்ள வா,” என்று சொல்லிக் கதவைத் திறக்கிறாள். மகள் நுழைகிறாள்.

தேவிஸ்ரீ தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்து நாளாகியிருந்தது. அன்றே நடித்தார்கள். கோமளா வரியைச் சொன்னாள், கதவைத் திறந்தாள். தேவிஸ்ரீ வாசற்படியைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள். கோமளா அவளைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, ‘உள்ள வா’ன்னு முடிக்கறதுக்குள்ள தொறந்துட்டீங்க. நல்ல வரி ஆன்ட்டி, ரொம்ப நல்ல வரி. இன்னொரு தடவை பாப்போம்.”

தாயின் கையை விலக்கிவிட்டு வெளியே போய்க் கேட்டில் நின்றாள். காட்சி முன்னைவிட நீண்டுவிட்டது, அவ்வளவுதான். அன்று கோமளா எத்தனையோ முறை கட்டிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் விலக்கப்பட்டாள்.

முடிவு இரண்டு: கதவு திறக்கவே இல்லை. மகள் கதவை உடைத்துப் பார்த்தால், உள்ளே தாய் ஏற்கெனவே இறந்து—

“ஏன்க்கா என்னைக் கொல்றீங்க?” என்றாள் கோமளா. “நான் செத்தா அதையும் மறுபடி எடுக்கச் சொல்லுவா.”

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

முடிவு மூன்று: மகள் சிலிப்பரை மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகிறாள். தாய் ஜன்னல் வழியாக—

இதைத் தேவிஸ்ரீயிடம் காட்டவே இல்லை. சுருட்டி அடுப்படிக் குப்பையில் போட்டேன். நான் எழுதி, அவள் அதன்படி நடந்துவிட்டால்?

10

இப்போது நான் கோமளா வீட்டு முன்னறையில் இருக்கிறேன். இதற்கு மேல் எழுதுவது நடந்தபின் எழுதுவது இல்லை. மடியில் தாள் இருக்கிறது, நடப்பது முன்னால் நடக்கிறது. மத்தியானம். கறுத்துக்கொண்டு வருகிறது. கோமளா பின்கதவு வழியாக வந்து என்னை அழைத்துக்கொண்டு போனாள். உள்ளே வந்ததும் தன் வீட்டுப் பின்கதவைப் பூட்டினாள்.

“பின்னால பூட்டிட்டேன். இன்னைக்கி முன்னால வரட்டும். இல்லன்னா—”

(அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.)

“என்னா சொல்லட்டும்க்கா? எழுதிட்டீங்களா?”

“இல்ல.”

“ஒரு வரியும் இல்லையா?”

“நான் எழுதுனா அவ அதை நடிப்பா. நீ ஒண்ணும் பேசாம இரு, கோமளா. எந்த வரியும் வேணாம்.”

“அவ வெளிய நிப்பா, நான் உள்ள பேசாம இருக்கணுமா? அப்ப நான் அந்தப் படத்து அம்மாவே ஆயிடமாட்டேனா?”

கோமளா முன்கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அதன் சாவி அவள் உள்ளங்கையில் இருக்கிறது.

கேட் சத்தம். ஓடிவருகிற கால்கள்.

சப்.

தொப்.

ஜன்னல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அவள் குனிந்தாள். சிலிப்பருக்கும் அவள் விரலுக்கும் நடுவில் கொஞ்சம்தான் இடைவெளி. கை அங்கேயே நின்றுவிட்டது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. அந்தக் கை யாருடையது என்று அதற்கே தெரியாததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“திருப்பி வையேண்டி,” என்றாள் கோமளா என் பக்கம் திரும்பி, வெறும் காற்றாக. “திருப்பி வையேன்.”

அவள் திருப்பி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கவிழ்ந்ததைக் கவிழ்ந்தபடியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கதவைத் தட்டினாள்.

“கதவத் தொறம்மா, நான்தான்.”

“நான்தான்னா யாரு?” வர வேண்டிய இடம். கோமளாவின் உதடு தானாகப் பிரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். தலைக்கு மேல் காற்றாடி சுற்றுகிற சத்தம்.

“கதவத் தொறம்மா, நான்தான்.”

அதே ஏற்றம், அதே இறக்கம். ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மழையின் முதல் துளிகள் போர்ச் தகரத்தில் விழுந்தன.

“நான்தான்…”

இது மாறியிருந்தது. நன்றாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. குரல் நடுவில் உடைந்தது, வார்த்தை சரியாக விழவில்லை. அவள் இதுவரை எடுத்ததிலேயே மோசமான டேக். கோமளா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது.

இப்போது கதவைத் திறந்தால், வெளியே நிற்பது மகளாக இருந்தால், உள்ளே வந்துவிடுவாள். அதுவும் நடிப்பாக இருந்தால், சிரித்துக் கைதட்டிவிட்டு மறுபடி கேட்டுக்குப் போய்விடுவாள். திறக்காமல் இருந்தால், அது மகளாக இருந்தால்—

பேனாவை மூடிவிட்டு வாயைத் திறக்கலாம்தான். ஆனால் நான் எது சொன்னாலும் அது எழுதிய வரியாகிவிடும். நீங்கள் எழுதுகிறவர் இல்லை. இவ்வளவு நேரமும் எங்களோடு இந்த அறையில் இருந்தவர். எல்லா வரிகளும் உங்களுக்கும் மனப்பாடமாகியிருக்கும். சாவி கோமளாவின் கையில் இருக்கிறது, கோமளா உங்களைத்தான் பார்க்கிறாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், நெற்றி பலகையில் சாய்கிற சத்தம். பிறகு மெதுவாக:

“அம்மா… இப்ப யாரு பேசணும்?”